பழைய நுரையையும் சுட்டுப் பாருங்கள்

பெங்களூருவில் ராணுவ விமானங்களுக்குத் தகுதிச் சான்று வழங்கும் மையத்தின் பொறியாளர்களுக்கு,

வணக்கம். போன மாதம் என் பழைய ஸ்கூட்டரின் இருக்கை உறை கிழிந்தது. உள்ளே கை விட்டால் பஞ்சு மாவாக உதிர்ந்தது. நகக்கண்ணெல்லாம் மஞ்சள் தூள். போர்விமான எரிபொருள் தொட்டிக்குள் அடைக்கும் பாலியூரித்தேன் நுரையும் அதற்குப் பங்காளிதான். அதனால்தான் இந்த மடல்.

நுரை எதற்கென்று உங்களுக்குத் தெரியும். மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் இரண்டு வரி. குண்டு துளைத்தால் வெடிப்பது, தொட்டியின் காலியிடத்தில் காற்றோடு கலந்து நிற்கும் ஆவி. வலைக்கண் போன்ற நுரை அங்கே நிறைந்திருந்தால் தீ ஓட வழியில்லாமல் அடங்கும். 2005 ஜனவரி 30 அன்று ஈராக்கில் சுடப்பட்ட பிரிட்டனின் ஹெர்குலிஸ் என்ற ராணுவப் போக்குவரத்து விமானத்தின் தொட்டிகளில் நுரை இல்லை. வலது இறக்கைத் தொட்டி வெடித்தது. 10 பேர் இறந்தார்கள். அமெரிக்காவோ தன் ஹெர்குலிஸ்களுக்கு வியட்நாம் போர்க் காலத்திலேயே நுரை போடத் தொடங்கியிருந்தது. நுரை வேண்டுமா என்று இனி யாரும் வாதிட வேண்டியதில்லை.

என் கவலை அந்த நுரையின் வயதைப் பற்றியது. அமெரிக்கர்கள் முதலில் போட்டது பாலியெஸ்டர் வகை. தென்கிழக்காசியாவின் வெக்கையிலும் ஈரத்திலும் அது சிதைந்துபோனது. அடுத்து வந்த நீல நிறப் பாலியீதர் நுரை ஈரத்தைத் தாங்கியது. ஆனால் எரிபொருள் நிரப்பும்போது நிலைமின்சாரம் சேர்ந்து, பொறி பறந்து, தொட்டிக்குள்ளேயே தீப்பிடித்தது. தீயை அடக்க வைத்த பொருளில்! பிறகுதான் மின்சாரத்தைக் கசியவிடும் நுரை வந்தது. முந்தைய இரண்டும் தகுதி பெற்றுத்தான் விமானத்தில் ஏறியிருந்தன.

ஆகவே, புதிதாக வெட்டிய துண்டைக் குண்டால் சுட்டுப் பார்த்ததோடு நிறுத்திவிடாதீர்கள். கொச்சி, விசாகப்பட்டினம் போன்ற கடலோரத் தளங்களில் பல ஆண்டு எரிபொருளில் ஊறிய நுரையைக் கழற்றி வந்து சுடுங்கள். அதன் மேலேயே எரிபொருளை வேகமாகப் பாய்ச்சி நிலைமின்சாரத்தை அளந்து பாருங்கள். வடிகட்டியில் எவ்வளவு தூள் நிற்கிறது என்றும் எடை போடுங்கள்.

இதையெல்லாம் ஏற்கெனவே செய்துவருகிறீர்கள் என்றால் மகிழ்ச்சி, மடலைக் கிழித்துப் போடலாம். இல்லையென்றால், தொட்டிக்குள் தலையை நுழைத்து நுரைத் துண்டுகளை ஒவ்வொன்றாக உருவி எடுக்கும் தரைப்பணியாளரிடமிருந்து தொடங்குங்கள். எந்த மூலைத் துண்டு முதலில் உதிர்கிறது என்று அவர் விரலுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்