பாடசாலையிலேயே சுகாதாரத் துவாய் கிடைக்க வழிசெய்யக் கோரும் மனு

வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்கள்,
வலயக் கல்விப் பணிமனை,
கொழும்பு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

நாங்கள் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் பகுதிகளில் வசிக்கும் தாய்மார். எங்கள் மகள்மார் இங்குள்ள தமிழ்மொழிமூலப் பாடசாலையொன்றில் படிக்கிறார்கள். மாதவிடாய் நாட்களில் அவர்கள் பாடசாலைக்குப் போகாமல் வீட்டில் நின்றுவிடுவது பற்றியே இந்த மனு.

2024இல் அரசாங்கம் துவாய் வாங்குவதற்கு மாணவிகளுக்கு 1,200 ரூபா வவுச்சர் கொடுக்கத் தொடங்கியது. கஷ்டப் பிரதேசங்களையும் தோட்டப் பாடசாலைகளையும் முதலில் பார்த்தது நியாயம்தான். எங்கள் பாடசாலை அந்தப் பட்டியலில் இல்லை. முகவரி கொழும்பு என்றாலும், எங்களில் பாதிப்பேர் ஒற்றை அறை வீட்டில் நாட்சம்பளத்தில் சீவிப்பவர்கள். தாயும் இரண்டு மகள்மாரும் உள்ள வீட்டில் மாதம் மூன்று பக்கெட் வேண்டும். 2018இல் இறக்குமதித் துவாய் மீதான வரி 101.2 சதவீதத்திலிருந்து 62.6 சதவீதமாகக் குறைந்தபோதும் எங்களுக்கு அது எட்டாத விலைதான். வரி உங்கள் கையில் இல்லை, அது தெரியும்.

வவுச்சர் வந்தாலும் தீராத ஒன்று இருக்கிறது. வயதுக்கு வந்த புதிதில் பலருக்குத் திகதி சரியாக வராது. மூன்றாம் பாடவேளையில் வெள்ளைச் சீருடையில் கறை பட்டால், பிள்ளை இடைவேளைக்கும் எழும்பாமல் கதிரையிலேயே இருக்கும். டீச்சரின் கைப்பையில் ஒன்று இருந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் தாய்க்குக் கோல் எடுப்பார்கள். அவளோ வெள்ளவத்தையில் யாருடைய வீட்டிலோ வேலையில் நிற்பாள். மறுநாள் பிள்ளை வராது. அடுத்த மாதம், எதற்கு வம்பு என்று, முதல் நாளே நின்றுவிடும். அன்று நடந்த கணக்குப் பாடத்தை அவளுக்காக யாரும் திரும்பப் படிப்பிப்பதில்லை.

மலசலகூடத்தின் நிலையும் அதுதான். கொண்டி இல்லை, இடைவேளைக்குப் பிறகு குழாயில் தண்ணீர் இல்லை, போட மூடியுள்ள வாளியும் இல்லை. காலை ஏழரைக்கு வைத்த துவாயோடு ஒன்றரை மணிவரை இருக்கிறார்கள். நாலைந்து மணித்தியாலத்துக்கு ஒருதடவை மாற்றச் சொல்கிறார் மிட்வைஃப் மிஸ்ஸி. எங்கே போய் மாற்றுவது?

ஆகவே, எங்கள் பாடசாலையையும் வவுச்சர் திட்டத்தில் சேர்க்கச் சிபாரிசு செய்யுங்கள். அதைவிட அவசரமாக, தவணைதோறும் ஒரு தொகைத் துவாயைப் பாடசாலையிலேயே வைக்க ஒழுங்கு செய்யுங்கள். தயவுசெய்து அலுவலக அறையில் வேண்டாம். ஐயாமார் முன்னால் கேட்கக் கூச்சப்பட்டே பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மாணவிகளின் மலசலகூடத்துக்குக் கொண்டி, தண்ணீர், மூடியுள்ள வாளி மூன்றும் இந்தத் தவணைக்குள் வேண்டும்.

துவாய்களுக்குப் பொறுப்பாக இருக்க ஆசிரியை ஒருவர் சம்மதித்திருக்கிறார். வைப்பதற்கு அலுமாரியை நாங்களே வாங்கித் தருகிறோம்.

இப்படிக்கு,
மாணவிகளின் தாய்மார்,
கொழும்பு 13, 15