முரளிக்கு, குப்பத்திலிருந்து அம்மா

அன்புள்ள முரளிக்கு,

இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

இரண்டாவது பிள்ளை விஷயமாக சுதாவிடம் நான் பேசவேண்டும் என்று கேட்டாயே, பேசப்போவதில்லை. அதற்குத் துணையாக, பிள்ளை அதிகம் பெற்றுக்கொள்ளுங்கள் என்று ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு பேசிய வீடியோவை வேறு அனுப்பியிருக்கிறாய். நம்ம ஊர் எம்.எல்.ஏ. என்ன பேசினார் என்பது ஹைதராபாத்திலிருந்து நீ அனுப்பித்தான் எனக்குத் தெரியவேண்டுமா? இரண்டுக்கு மேல் பெற்றவர்கள் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கக்கூடாது என்று 1994-இல் போட்ட சட்டத்தை 2024 நவம்பரில் எடுத்துவிட்டார்கள். அப்புறம் விஜயநகரம் எம்.பி. ஒருவர், மூன்றாவதாகப் பெண் பிறந்தால் 50,000 ரூபாய், ஆண் பிறந்தால் பசுமாடு என்று அறிவித்தார். பெண்ணுக்குப் பணம், பையனுக்கு மாடு என்று ஏன் பிரித்தார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பிறப்பு குறைகிறதே என்கிற அவர்கள் பயத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 பிள்ளை இருந்தால்தான் போகிறவர்களும் வருகிறவர்களும் சரிக்குச் சரியாக இருப்பார்கள். 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பில் ஆந்திரா 1.7, தமிழ்நாடும் கேரளாவும் 1.8. எங்கள் தலைமுறையில் நிறையப் பேர் பிறந்தோம், இன்னும் இருக்கிறோம், அதனால் ஜனத்தொகை உடனே இறங்காது. ஆனால் கேரளாவில் பத்தனம்திட்டா, இடுக்கி இரண்டு மாவட்டத்திலும் 2001-இல் இருந்ததைவிட 2011-இல் ஆட்கள் குறைவு. ஊரைவிட்டு வெளியே போனவர்களும் அந்தக் கணக்கில் சேர்த்தி. நீ படித்த தமிழ்ப் பள்ளியில்கூட ஒன்றாம் வகுப்பில் ஒரு பெஞ்சு நிறைவதே பெரிய பாடு. பிள்ளைகள் குறைந்ததோடு, இருக்கிறவர்களையும் இங்கிலீஷ் மீடியம் வேன் அள்ளிக்கொண்டு போகிறது. பிறப்பு விகிதத்தின் மேல் மட்டும் பழி போட முடியாது.

பிள்ளைகள் குறைந்தால் நம்ம மாநிலத்துக்கு எம்.பி. தொகுதியும் குறைந்துவிடும் என்கிற பேச்சும் இருக்கிறது. 1971 கணக்கெடுப்பை வைத்தே மாநிலங்களுக்கு இத்தனை காலம் இடம் நிறுத்திவைத்திருந்தார்கள். குடும்பக் கட்டுப்பாட்டைச் சரியாகச் செய்த மாநிலங்கள் அதற்காக நஷ்டப்படுவது அநியாயம்தான். டில்லியில் பேசித் தீர்க்கவேண்டிய சமாச்சாரம் அது. அதை எதற்குப் பிரசவ வார்டுக்குக் கொண்டுவருகிறார்கள்?

இந்தப் பக்கம் ஏ.என்.எம்., அதாவது கிராம நர்ஸ் வேலை பார்த்தவளுக்கு இந்தக் கூத்தெல்லாம் வேறு மாதிரி தெரிகிறது. 1996 வரைக்கும் இத்தனை பேருக்குக் கருத்தடை ஆபரேஷன் என்று எங்களுக்கு டார்கெட் உண்டு. மார்ச் மாதம் வந்தால் கேஸ் எங்கே, கேஸ் எங்கே என்று அலைவோம். கோடை விடுமுறையில் பள்ளிக்கூடத்தில் கேம்ப் போடுவார்கள். வராந்தாவில் தார்ப்பாய் விரித்து, ஆபரேஷன் முடிந்த பெண்களை வரிசையாகப் படுக்கவைத்திருப்போம். மயக்கம் தெளியாமலே கைக்குழந்தையைத் தடவித் தேடுவார்கள். புருஷன்மார் வெளியே புளியமரத்தடியில் பீடி பிடித்தபடி நிற்பார்கள். "நீ பண்ணிக்கலாமேப்பா, சின்ன வேலைதானே" என்றால், "ஐயையோ நர்சம்மா, பாரம் தூக்கணும், பலம் போயிடும்" என்பான். பிரசவத்தில் ரத்தம் கொட்டிவிட்டு, ஒரே வாரத்தில் களையெடுக்கப் போனவளுக்கு மட்டும் பலம் போகாதாம். அதே 2019-21 கணக்கெடுப்பில்கூட ஆந்திராவில் பிள்ளை பெறும் வயதிலுள்ள கல்யாணமான பெண்களில் ஏறக்குறைய 70 சதவீதம் பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

ஆனால் ஒன்று, கேம்ப் போட்டதால் மட்டும் பிறப்பு குறையவில்லை. ஐந்து பெற்றால் மூன்று தங்கும் என்ற காலம் போனது. தடுப்பூசி வந்தது. பெண்பிள்ளைகள் எட்டாவது, பத்தாவது என்று படித்தார்கள். இரண்டு போதும், நன்றாகப் படிக்கவைக்கலாம் என்று அவர்களே எங்களைத் தேடி வந்தார்கள். அவர்களாக எடுத்த முடிவை இப்போது மேடையில் நின்று யார் மாற்ற முடியும்?

பிறப்பை ஏற்றவேண்டும் என்று தென்கொரியாக்காரர்கள் 2006-இலிருந்து 20,000 கோடி டாலருக்கு மேல் செலவழித்தார்கள். 2023-இல் அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.72 பிள்ளை. அடுத்த வருஷம் 0.75. ஹங்கேரியில் நான்கு பிள்ளை பெற்ற தாய்க்கு ஆயுசுக்கும் வருமான வரி இல்லை என்றார்கள். கொஞ்சம் ஏறி 1.6 வரை போய், திரும்ப 1.4 பக்கம் வந்துவிட்டது. ருமேனியாவில் 1966-இல் கருக்கலைப்பையே தடைசெய்தார்கள். ஒரே வருஷத்தில் பிறப்பு இரண்டு மடங்கு ஆனது, சில வருஷத்தில் இறங்கியும் விட்டது. நடுவில் கள்ளத்தனமாகக் கலைக்கப் போய்ச் செத்த பெண்கள் ஆயிரக்கணக்கில். அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, உன் வீட்டுக்கு வருகிறேன். போன தடவை வந்திருந்தபோது பார்த்தேன். சுதா காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு ஆபீஸில் யாருக்கோ பதில் சொல்கிறாள், கை பாப்பாவுக்குப் பின்னல் போடுகிறது, அடுப்பில் குக்கர் மூன்றாவது விசில். ரப்பர் பேண்டைப் பல்லில் கடித்துக்கொண்டே மியூட்டை எடுத்துவிட்டுப் பேசுகிறாள். நீ சோபாவில் உட்கார்ந்து, "சுதா, பாப்பா சாக்ஸ் எங்கே?" என்று கேட்டாய். சாக்ஸ் உன் காலடியில் கிடந்தது. நீ கெட்டவன் என்று சொல்லவில்லை, உன் அப்பாவைவிட நீ எவ்வளவோ தேவலை. 2024-இல் அரசாங்கம் எடுத்த கணக்கில், வீட்டுவேலை செய்கிற பெண்களுக்கு அதிலேயே நாளைக்கு 289 நிமிடம் போகிறது. அந்த வேலையைத் தொடுகிற ஆண்களுக்கு 88 நிமிடம். தொடாதவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை.

பாப்பா பிறந்தபோது அவளுக்குப் பிரஷர் எகிறி, வலிப்பு வராமலிருக்க மக்னீசியம் ஊசி போட்ட ராத்திரி உனக்கு மறந்துபோயிருக்கலாம். நான் நர்ஸ், அந்த ஊசியை எப்போது எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அடுத்த தடவையும் அப்படி வர வாய்ப்பு உண்டு. அது போகட்டும். 26 வாரம் லீவு முடிந்து ஆபீஸ் போனவளுக்கு என்ன ஆனது? அவளுக்கு வரவேண்டிய பதவி, அவளுக்குக் கீழே இருந்த பையனுக்குப் போனது. நீ எத்தனை நாள் லீவு போட்டாய்? தனியார் கம்பெனி அப்பாவுக்கு லீவு கொடுக்கவேண்டும் என்று இந்த நாட்டில் சட்டமே கிடையாது. மூன்றாவது பிள்ளைக்கு மாடு தருகிறவர்கள் அதைப் பற்றிப் பேசட்டும். ஆபீஸ் முடியும்வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் கிரெஷ்ஷைப் பற்றிப் பேசட்டும்.

பிறப்பு கொஞ்சமாவது ஏறுமா என்றால், அப்பாக்கள் மாறுகிற அளவுக்கு ஏறலாம் என்பது என் எண்ணம். 2.1-க்குத் திரும்புமா என்றால் எனக்கு நம்பிக்கை இல்லை. வயசானவர்கள் நிறைய இருக்கிற ஊராக வாழப் பழகிக்கொள்ளவேண்டியதுதான். எனக்கும் அப்பாவுக்கும் பென்ஷன் வருகிறது, முட்டிவலியைத் தவிர குறை ஒன்றும் இல்லை. பேரன் இல்லையே என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் சொல்லிக்கொள்கிறேன்.

சுதாவாக ஆசைப்பட்டால், நான் வந்து தங்கத் தயார். ஆனால் முதலில் பிரஷருக்கு நல்ல டாக்டரிடம் காட்டவேண்டும். ஒன்றே போதும் என்று இரண்டு பேரும் முடிவெடுத்தால், ஆபரேஷன் உனக்கு. அவள் வயிறு ஒரு தடவை கிழிபட்டது போதும். இப்போது தையல்கூடக் கிடையாது, இருபது நிமிடம்கூட ஆகாது, அன்றைக்கே வீட்டுக்கு நடந்து வந்துவிடலாம். மூன்று மாதம் கழித்து ஒரு டெஸ்ட் எடுக்கவேண்டும், அதுவரை ஜாக்கிரதை. பலமெல்லாம் எங்கேயும் போகாது.

அன்புடன்,
அம்மா