பண்டு பாய்ஸ் குழுவை எங்களிடம் சேர்த்தது வானொலி

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

ஆபிரிக்க கிற்றார் இசை பற்றி உங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையோடு வாசித்தேன். ஆனால் ஓர் இடத்தில் மனம் ஒப்பவில்லை. 1987இல் லண்டன் இஸ்லிங்டனில் ஒரு மதுக்கடையில் சிறிய இசைத்தட்டுக் கொம்பனிக்காரர்கள் கூடி 'வேர்ல்ட் மியூசிக்' என்று பெயர் வைத்த பிறகுதான் இந்த இசை வெளிநாட்டவர் காதில் விழுந்தது என்பதுபோல் அதில் எழுதியிருக்கிறது. அந்தக் கூட்டம் நடந்தது உண்மைதான். கடையில் இந்த இசைத்தட்டுகளை எந்தப் பெயரின் கீழ் அடுக்குவது என்ற சிக்கலுக்கு அவர்கள் கண்ட தீர்வு அது. நாங்கள் அதற்கு முந்தைய வருடமே கேட்கத் தொடங்கிவிட்டோம்.

1986இல் எனக்கு லண்டனில் ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. பேச்சுத் துணைக்கு ஒரு சின்ன றேடியோ. பத்து மணிக்கு மேல் பிபிசி ரேடியோ 1இல் அறிவிப்பாளர் ஜோன் பீல் இசைத்தட்டுகள் போட வருவார். காதைப் பிளக்கும் பங்க் பாட்டு ஒன்று முடிந்த கையோடு, கண்ணாடிக் குவளையில் கரண்டியால் தட்டுவதுபோல் ஒரு கிற்றார் தொடங்கியது. அதன் இடைவெளிக்குள் இன்னொரு கிற்றார் புகுந்து பதில் சொன்னது. பாடியது ஷோனா மொழியில். ஒரு சொல்லும் விளங்கவில்லை. வாகனத்துக்குப் பெற்றோல் போட வந்தவர் கண்ணாடியைத் தட்டும்வரை அப்படியே நின்றேன்.

அதுதான் சிம்பாப்வேயின் பண்டு பாய்ஸ். நாடு விடுதலை பெற்ற 1980இல் ஹராரேயில் தொடங்கிய குழு. 'பண்டு' என்றால் காடு. போர்க்காலத்தில் காட்டில் இருந்த போராளிகளுக்கு உதவிய பையன்களை நினைத்து வைத்த பெயர். பிகி டெம்போ பாடுவார், ரைஸ் ககோனா முன்னணிக் கிற்றார், டேவிட் மன்காபா பேஸ் கிற்றார். அவர்கள் வாசித்தது 'ஜிட்' என்னும் வேகமான ஆட்ட இசை. அந்த நாட்டில் எம்பிரா என்றொரு வாத்தியம் உண்டு. மரப்பலகையில் உலோகத் தகடுகளைப் பொருத்திப் பெருவிரலால் மீட்டுவார்கள். அதன் சுற்றிச் சுற்றி வரும் கோலத்தை அங்குள்ள கலைஞர்கள் கிற்றார் தந்திக்கு மாற்றினார்கள். நான் கேட்ட அந்தக் கண்ணாடிச் சத்தத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று பிறகு அறிந்தேன்.

பீலும், அதே வானொலியில் இன்னொரு நிகழ்ச்சி நடத்திய அன்டி கேர்ஷோவும் விடாமல் இவர்களை ஒலிபரப்பினார்கள். ஒருமுறை போட்டால் மறந்துபோகும். திரும்பத் திரும்பப் போட்டதால்தான் எங்களுக்குப் பிடிபட்டது. அவர்களை முதல்முறை மேடையில் பார்த்தபோது பீல் கண்கலங்கி நின்றார் என்று கேர்ஷோ சொல்லியிருக்கிறார். அறையில் தனியாகக் கேட்ட எங்களில் பலருக்கும் அதே நிலைதான். அவர்கள் பிரித்தானியாவில் ஊர் ஊராக வாசித்தபோது, வந்தவர்களுக்கு முகம் புதிது, பாட்டுப் பழகியது.

அப்புறம் பெரிய இசைத்தட்டுக் கொம்பனி ஒன்று அவர்களைத் தேடி வந்தது. 1987இல் வெம்பிளி மைதானத்தில் மடோனாவுக்கு முன்னால் வாசித்தார்கள். அதே வருடம் வந்த 'ட்ரூ ஜிட்' தட்டு எனக்கு ஏமாற்றம். கிற்றார்களுக்கு நடுவே இருந்த காற்றோட்டத்தை அடைத்துவிட்டார்கள். மன்காபா 1991இல் எய்ட்ஸ் நோயால் இறந்தார். 1990இல் குழுவை விட்டு விலகிய பிகி டெம்போ 1995இல் இறந்தார். இதை எழுதும்போதும் மனம் கனக்கிறது.

உங்கள் கட்டுரையாளர் வாசகர்களுக்குப் பரிந்துரைத்தது அந்த 'ட்ரூ ஜிட்' தட்டைத்தான். தயவுசெய்து அடுத்த இதழில் அதே குழுவின் முந்தைய தட்டான 'ஷபினி'யின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். 1986இல் பிரித்தானியாவில் வெளிவந்தாலும் அதில் உள்ளவை ஹராரேயில், சொந்த ஊர்க்காரர்கள் ஆடுவதற்காகப் பதிவு செய்தவை. வானொலியில் நாங்கள் கேட்டது அதைத்தான்.

அன்புடன்,
நெடுநாள் வாசகர்,
லண்டன்