சால்வையின் முதல் வரி

குன்னூர்

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. மகளின் பிரசவத்துக்காக எடின்பரோ போகிறாய் என்பதும், புறப்படுவதற்குள் அவளுக்கு ஒரு முக்கோணச் சால்வை பின்னிவிட நினைக்கிறாய் என்பதும் மிகுந்த மகிழ்ச்சி தந்தன. இங்கு அனைவரும் நலம். அவருக்கு மட்டும் குளிர் ஏற ஏற முழங்கால் வலி கூடுகிறது.

கழுத்துக்குப் பின்னால் வரும் நடுவிடத்தில் கரை சுருங்கிப் பள்ளம் விழுகிறது என்று எழுதியிருந்தாய். கல்லூரி விடுதியில் நாம் பழகியதெல்லாம் ஸ்வெட்டர். அதன் அடி விளிம்பு இடுப்பைப் பிடித்து நிற்க வேண்டும் என்பதால், கண்ணிகளை, அதாவது ஊசியில் நிற்கும் நூல் வளையங்களை, இறுக்கி ஏற்றியே நம் கை பழகிவிட்டது. சால்வையோ, பின்னி முடித்த பின் நனைத்து, நாலா பக்கமும் இழுத்து, குண்டூசி குத்திக் காயவைக்க வேண்டியது. அந்த இழுவைக்கு மற்ற வரிகளெல்லாம் இடம் கொடுத்து, முதல் வரி மட்டும் முரண்டு பிடித்தால், மேலே எவ்வளவு நுணுக்கமாகப் பின்னியிருந்தாலும் விளிம்பு கோணிக்கொண்டுதான் நிற்கும்.

கழுத்திலிருந்து கீழ்நோக்கி வளரும் உன் சால்வைக்கு, எல்லாக் கண்ணிகளையும் ஒரேயடியாக ஏற்றாமல், ஒரு சிறு பட்டையில் தொடங்குவதுதான் சரி. வேறு நிறப் பருத்தி நூலில் குரோஷா ஊசியால் சிறு சங்கிலி போட்டு, அதன் முதுகுப்புற மேடுகளிலிருந்து உன் கம்பளி நூலால் 3 கண்ணிகள் எடுத்துக்கொள். 6 வரிகள், இருபுறமும் நிட் (நேர்ப் பின்னல்) மட்டுமே போடு; பக்கவாட்டில் 3 மேடுகள் தெரியும். இப்போது ஊசியில் உள்ளவற்றைக் கழற்றாமல் பட்டையைத் திருப்பி, மேட்டுக்கு ஒன்றாக 3 கண்ணிகள் எடு. பிறகு பருத்திச் சங்கிலியை மெதுவாகப் பிரித்தால் அடியில் 3 கண்ணிகள் விடுபடும். அவற்றையும் ஊசியில் ஏற்றினால் மொத்தம் 9. இரு ஓரங்களிலும் உள்ள மும்மூன்று கண்ணிகள் கடைசி வரை கரையாகவே இருக்கும். நடுவிலுள்ள மூன்றின் முன்னும் பின்னும் இடையிலும் நூலை ஊசியில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டால், அடுத்த வரியில் 13 ஆகிவிடும். இடது கரையும் வலது கரையும் அந்தப் பட்டையின் வழியாகவே ஒன்றாகிவிடுவதால், எங்கே தொடங்கினாய் என்று தேடினாலும் அகப்படாது.

பிறகு எப்போதாவது நீள் சதுரச் சால்வை பின்ன நேர்ந்தால், நூல் நுனியை நீண்ட வாலாக விட்டு, அதையும் பின்னும் நூலையும் சேர்த்துக் கண்ணி ஏற்றும், நமக்குத் தெரிந்த நீள வால் முறையே போதும். தளர்வாக வர வேண்டுமென்று பலரும் பெரிய ஊசியில் கண்ணி ஏற்றுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஊசி பெரிதானால் கண்ணியின் வளையம்தான் பெரிதாகும். விளிம்பின் நீளத்தைத் தீர்மானிப்பதோ கண்ணிக்கும் கண்ணிக்கும் இடையே அடியில் ஓடும் நூல். ஒவ்வொரு கண்ணியையும் ஏற்றியதும் விரல் நுனியால் அழுத்திப் பிடித்து, சிறிது இடைவெளி விட்டு அடுத்ததை ஏற்று. நூற்றுக்கணக்கான கண்ணிகள் என்றால் வால் போதுமோ போதாதோ என்று கணக்குப் பார்க்க வேண்டாம். இரண்டு பந்துகளின் நுனிகளைச் சேர்த்து முடிச்சிட்டு, ஒன்றை வாலாகவும் மற்றதைப் பின்னும் நூலாகவும் வைத்துக்கொள். அந்த முடிச்சைக் கண்ணிக் கணக்கில் சேர்க்காதே. இரு கண்ணிகளுக்கு இடையிலிருந்து நூலை இழுத்து அடுத்த கண்ணியை ஏற்றும் கேபிள் முறையில் விளிம்பு கயிறு போல அழகாக விழும் என்பது உண்மைதான். ஆனால் அது நீளாது, ஆகவே சால்வைக்கு வேண்டாம்.

ஸ்காட்லாந்துக்குப் போகிறவள் நீ. வாய்ப்புக் கிடைத்தால் ஷெட்லாண்ட் தீவுகளின் லேஸ் சால்வை ஒன்றைக் கையில் எடுத்துப் பார். மோதிரத்துக்குள் நுழைத்து எடுக்கும் அளவுக்கு மெல்லியவை உண்டு. அவற்றில் பலவற்றை வெளிக்கரையிலிருந்தே தொடங்குகிறார்கள்: சில கண்ணிகளில் பல் பல்லாக நீண்ட கரையைப் பின்னி, அதன் நேர் ஓரத்திலிருந்து கண்ணிகளை எடுத்து உள்நோக்கிச் செல்வார்கள். இறுக்கமான முதல் வரி என்று ஒன்று அந்த விளிம்பில் இல்லாததால், காயவைக்கும்போது ஒவ்வொரு பல்லையும் தனித்தனியாக இழுத்துக் குத்த முடிகிறது. ரஷ்யாவின் ஓரன்பர்க் சால்வைகளும் கீழ்க்கரையில்தான் தொடங்குகின்றன. எஸ்டோனியாவின் ஹாப்சாலுவில் கரையைத் தனியே பின்னித் தைத்துச் சேர்க்கிறார்கள். தையலில் எனக்குப் பொறுமை கிடையாது என்பது உனக்குத் தெரியும்.

பட்டையை முதலில் மிச்ச நூலில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு நல்ல நூலைத் தொடு. 9 கண்ணிகள் வந்ததும் படம் எடுத்து அனுப்பினால், மேற்கொண்டு எந்தப் பூவேலை பொருந்தும் என்று எழுதுகிறேன். மகளுக்கு என் ஆசிகளைச் சொல்.

அன்புடன்,
லலிதா