மலருக்கு அடுத்த படி எங்கே?

ஐயா,

தொடக்க வகுப்புக் குழந்தைகளுக்கு அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் கற்பிக்கும் தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். 2022இல் தொடங்கிய இத்திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிப்பது மெச்சத்தக்கது. ஆனால், மலரையும் தாண்டிவிட்ட குழந்தைக்கு என்ன வழி?

ஒன்றாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி, சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு பஸ் ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் "இன்னும் எத்தனை" என்று கழித்துச் சொல்லிக்கொண்டே வருவாள். வகுப்பிலோ கணக்கை முடித்துவிட்டுப் பக்கத்துப் பிள்ளையிடம் பேசுவதால் 'அடங்காதவள்' எனப் பெயர். எடுத்துச் சொன்னால் தற்பெருமை என்பார்களோ என்று பெற்றோர் தயங்குகிறார்கள், தயங்கத் தேவையில்லை. இத்தகைய குழந்தைகளைக் கணக்குப் பாடவேளையில் மட்டும் மேல்வகுப்பில் அமர்த்த, பள்ளி மேலாண்மைக் குழுக்கள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

– ஒரு வாசகர், ஏற்காடு