முகாம் பயிற்சி அழைப்பும் பயணக் காப்புறுதியும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

டிசம்பர் பள்ளி விடுமுறைக்கும் தை மாதக் கல்யாணங்களுக்கும் சிங்கப்பூர்க் குடும்பங்கள் விமானச் சீட்டு எடுக்கும் நேரம் இது. சீட்டோடு பயணக் காப்புறுதியும் வாங்கிவிடுகிறோம். வீட்டில் கட்டாய முழுநேரச் சேவையை முடித்த தேசிய சேவையாளர் ஒருவர் இருந்து, அவருக்கு முகாம் பயிற்சி அழைப்பு, அதாவது அவ்வப்போது படைப்பிரிவுக்குத் திரும்பிப் பயிற்சி செய்யச் சொல்லும் அழைப்பு வந்து, அதனால் பயணத்தை ரத்து செய்ய நேர்ந்தால் அந்தக் காப்புறுதி கைகொடுக்குமா? எங்கள் குடும்பத்துக்குக் கைகொடுக்கவில்லை. இது எங்களுக்கு மட்டும் வந்த சிக்கல் இல்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

காரைக்குடியில் என் கணவரின் மாமா மகள் கல்யாணம். பொங்கல் சமயத்தில் திருச்சிக்குக் கட்டணம் எகிறிவிடும் என்பதால், தேதி குறித்ததுமே சீட்டு எடுத்தோம். காப்புறுதியும் அன்றே வாங்கியாயிற்று. அதன் பிறகுதான் என் கணவருக்கு எஸ்ஏஎஃப் 100 எனப்படும் அதிகாரபூர்வ முகாம் பயிற்சி அழைப்பு வந்தது. பயிற்சி நாட்களும் முகூர்த்த நாளும் மோதின. தள்ளிவைக்கக் கேட்டு முறையாக விண்ணப்பித்தார். படைப்பிரிவில் அவருடைய பொறுப்பை வேறொருவரால் ஏற்க முடியாத நிலை, அனுமதி கிடைக்கவில்லை. அந்த முடிவில் எங்களுக்கு வருத்தமில்லை. அவர் பயிற்சிக்குப் போனார். சக்கர நாற்காலியில் இருக்கும் என் மாமியார், மகன் துணையில்லாமல் விமானம் ஏற முடியாது என்பதால் அவருடைய பயணமும் நின்றது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நான் மட்டும் போய்வந்தேன்.

இரண்டு சீட்டுகளுக்கும் விமான நிறுவனம் வரியை மட்டும் திருப்பித் தந்தது. மீதிக்குக் காப்புறுதி நிறுவனத்தை நாடினோம். "பட்டியலிடப்பட்ட காரணங்களில் இது இல்லை" என்று பதில் வந்தது.

பட்டியலை நான் முழுவதும் படித்தேன். பயணிக்கோ நெருங்கிய உறவினருக்கோ மரணம், கடும் நோய், விபத்து. போகும் ஊரில் கலவரம், வேலைநிறுத்தம், இயற்கைப் பேரிடர். இங்கே வீட்டில் தீ விபத்து. நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல அழைப்பாணை. இந்தக் கடைசிக் காரணத்தைப் படித்தபோதுதான் எனக்கு ஆற்றாமை அதிகமானது. சாட்சி சொல்லப் போகாவிட்டால் சட்டம் தண்டிக்கும், அதனால் அது நியாயமான காரணம் என்று ஒத்துக்கொள்கிறார்கள். முகாம் பயிற்சிக்குப் போகாவிட்டாலும் சட்டம் தண்டிக்கும். இரண்டும் சட்டப்படி வரும் ஆணை, இரண்டையும் மீற முடியாது. ஒன்றுக்குப் பணம் உண்டு, மற்றொன்றுக்கு இல்லை என்பதற்கு என்ன காரணம்?

பட்டியலில் இல்லாதது ஒரு பக்கம். விலக்குகள் பகுதியில் "அரசாங்கத்தின் உத்தரவு, கட்டுப்பாடு அல்லது நடவடிக்கையால் ஏற்படும் இழப்பு" என்று ஒரு வரி பல பாலிசிகளில் இருக்கிறது. எல்லையை மூடுவது, விசா மறுப்பது போன்றவற்றுக்காக எழுதிய வரியாக இருக்கலாம். ஆனால் அதைக் காட்டி முகாம் பயிற்சி அழைப்பையும் ஒதுக்கிவிட முடியும். அப்புறம் காலக் கணக்கு வேறு. சில பாலிசிகளில் புறப்படும் நாளுக்கு முந்தைய 30 அல்லது 60 நாட்களுக்குள் ஏற்படும் ரத்துக்குத்தான் பாதுகாப்பு. முகாம் பயிற்சி அழைப்போ பெரும்பாலும் பல மாதங்களுக்கு முன்பே வருகிறது. ஆக, பொறுப்பாக முன்கூட்டியே தகவல் தரும் தற்காப்பு அமைச்சின் நல்ல நடைமுறையே இங்கே நமக்கு எதிராகத் திரும்புகிறது.

தேசிய சேவை மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். என் மாமனாரும் சேவை ஆற்றியவர். 1967 முதல் இந்த நாட்டின் தற்காப்பு இந்த ஏற்பாட்டின் மேல்தான் நிற்கிறது. இரண்டு ஆண்டு முழுநேரச் சேவை முடிந்த பிறகும் பத்தாண்டுப் பயிற்சிச் சுழற்சி, ஆண்டுக்கு 40 நாட்கள் வரை அழைக்கப்படலாம். பொதுவாக 40 வயது வரையும், அதிகாரிகளுக்கு 50 வயது வரையும் இந்தக் கடமை தொடர்கிறது. கல்யாணம், பிள்ளைப்பேறு, பெற்றோரின் முதுமை எல்லாம் வந்து சேரும் வயதும் இதுதான். ராணுவத்தில் மட்டுமல்ல, காவல்துறையிலும் குடிமைத் தற்காப்புப் படையிலும் சேவையாற்றுபவர்கள் நிலையும் இதேதான்.

இந்தக் கடமையால் அவர்களுக்கு இழப்பு வரக்கூடாது என்று நாடு ஏற்கெனவே முடிவு செய்திருக்கிறது. பயிற்சிக்குப் போகும் ஊழியரை முதலாளி தடுக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. அந்த நாட்களில் இழக்கும் வருமானத்தை அரசாங்கம் ஈடுகட்டுகிறது. வேலைக்கும் சம்பளத்துக்கும் பாதுகாப்பு இருக்கிறது. குடும்பம் சேர்த்து வைத்துக் கட்டிய பயணச் செலவுக்கு மட்டும் இல்லை.

காப்புறுதி நிறுவனங்களுக்கு முகாம் பயிற்சி புதிய விஷயமும் இல்லை. இங்கே விற்கும் தனிநபர் விபத்துக் காப்புறுதிகள் பலவற்றில் ராணுவச் சேவைக்கு விலக்கு எழுதிவிட்டு, தேசிய சேவையாளர்களின் அமைதிக்காலப் பயிற்சிக்கு மட்டும் அந்த விலக்கு பொருந்தாது என்று சேர்த்திருக்கிறார்கள். பயிற்சியில் கால் முறிந்தால் பணம் தர முடிகிறது என்றால், பயிற்சியால் பயணம் நின்றால் தருவதற்கும் வழி காண முடியும். வெளிநாடுகளிலும் முன்னுதாரணம் உண்டு. பிரிட்டனில் ராணுவத்தினரின் விடுப்பு திடீரென ரத்தானால் பயணச் செலவைத் தரும் பாலிசிகள் சாதாரணம். அமெரிக்காவிலும் ராணுவப் பணி அழைப்பை ரத்துக்கான காரணமாகச் சில பாலிசிகள் ஏற்கின்றன. எந்தக் காரணத்துக்கும் ரத்து செய்யலாம் என்ற கூடுதல் வசதியை வாங்கலாமே என்று சிலர் சொல்கிறார்கள். அதற்குச் சந்தா அதிகம், கிடைப்பதோ செலவில் ஒரு பகுதிதான். கடமையைச் செய்பவர் அதற்காகக் கூடுதல் பணம் கட்ட வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதைத் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்ற கவலை நிறுவனங்களுக்கு இருக்கலாம். அதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. அழைப்புக் கடிதத்தில் தேதி இருக்கிறது. அந்தத் தேதிக்கு முன்பே சீட்டும் காப்புறுதியும் வாங்கியிருக்க வேண்டும், தள்ளிவைக்க விண்ணப்பித்து அது மறுக்கப்பட்டிருக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனை போட்டால் போதும். இரண்டுக்கும் அதிகாரபூர்வ ஆவணம் உண்டு. மருத்துவச் சான்றிதழைவிட இதைச் சரிபார்ப்பது எளிது. சேவையாளரின் சீட்டோடு நிறுத்திவிடாமல், அவரை நம்பிப் பயணம் செய்யவிருந்த மனைவி, பிள்ளைகள், வயதான பெற்றோர் ஆகியோரின் செலவையும் சேர்க்க வேண்டும். எங்கள் வீட்டில் பெரிய ஏமாற்றம் என் மாமியாருக்குத்தான்.

இது நடக்கும் வரை நம் குடும்பங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. அடுத்த பயிற்சி ஏறக்குறைய எந்த மாதம் என்பதைப் படைப்பிரிவில் முன்பே கேட்டுக்கொள்ளலாம். பல நேரம் ஒரு பயிற்சி முடியும்போதே அடுத்ததைப் பற்றிக் கோடி காட்டிவிடுவார்கள். சேவையாளருடைய சீட்டை மட்டுமாவது தேதி மாற்றக்கூடிய வகையில் எடுப்பது நல்லது. அழைப்பு வந்த பிறகு வாங்கும் காப்புறுதியில் பணம் கேட்டால், முன்பே தெரிந்த விஷயம் என்று மறுத்துவிடுவார்கள். வாங்கும் முன் "முகாம் பயிற்சி அழைப்பால் ரத்தானால் பணம் உண்டா?" என்று மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முகவர் வாயால் "அதெல்லாம் உண்டு" என்று சொல்வது போதாது.

தற்காப்பு அமைச்சும் உள்துறை அமைச்சும் சேவையாளர்களுக்கும் அவர்கள் குடும்பத்தினருக்கும் ஏற்கெனவே கூட்டுக் காப்புறுதித் திட்டம் வைத்திருக்கின்றன. தனியார் நிறுவனங்கள் தயங்கினால், பயண ரத்தை அதில் ஒரு கூறாகச் சேர்ப்பது பற்றி அமைச்சுகள் யோசிக்க வேண்டும். சிங்கப்பூர்ப் பொதுக் காப்புறுதிச் சங்கத்திடம் இதுபற்றிக் கேட்டு, எந்த வகைப் பாலிசிகள் முகாம் பயிற்சி அழைப்பை ஏற்கின்றன, எவை ஏற்பதில்லை என்ற பதிலை பள்ளி விடுமுறை தொடங்கும் முன் உங்கள் பத்திரிகையில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தேசிய சேவையாளர் ஒருவரின் மனைவி,
உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்