முதல் பதின்மூன்று பேர்

ஆசிரியருக்கு வணக்கம்.

நுண்துளை அறுவை சிகிச்சை பற்றிய உங்கள் கட்டுரையில் சின்னத் தழும்பு, இரண்டே நாளில் வீடு என்று நல்லதெல்லாம் வந்திருந்தது. டாக்டர்கள் அதை எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்பது மட்டும் இல்லை. ஆபரேஷன் தியேட்டரில் 28 வருடம் நின்றவள் என்பதால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் எங்களுக்கு லேப்ராஸ்கோப், அதாவது சின்னத் துளை வழியாக வயிற்றுக்குள் பார்க்கும் கேமரா, வந்தது. வயிற்றைத் திறந்து பித்தப்பை எடுப்பதில் பேர் வாங்கிய சர்ஜன், முதல் நாள் ஒரு கிளிப் போடுவதற்குள் வியர்த்துவிட்டார். கை வலப்பக்கம் போனால் உள்ளே கருவியின் நுனி இடப்பக்கம் போகும். திரையில் ஆழம் தெரியாது. விரலால் தொட்டுப் பார்க்கவும் வழியில்லை.

அமெரிக்காவின் தென் மாநில சர்ஜன்கள் இப்படிப் பித்தப்பை எடுத்த 1518 நோயாளிகளைக் கணக்கெடுத்து 1991இல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு சர்ஜன் குழுவின் முதல் 13 நோயாளிகளில் பித்தநாளக் காயம் (கல்லீரலிலிருந்து பித்தம் வரும் குழாயில் படும் காயம்) 2.2 சதவீதம். அப்புறம் 0.1தான். அந்த 13 பேரில் நம் வீட்டு ஆளும் இருக்கலாமே! மறுவருடமே நியூயார்க் மாநிலம், மேற்பார்வையில் குறைந்தது 15 செய்த பிறகே தனியாகச் செய்யலாம் என்றது.

நான் பார்த்ததோ வேறு. சனி, ஞாயிறு பயிலரங்கு, சான்றிதழ், குரூப் போட்டோ. திங்கட்கிழமை மேஜையில் நோயாளி. அப்படி ஒரு திங்களில் நாளம் அறுபட்ட அம்மா ஒருவர் வயிற்றில் டியூபோடு மாதக்கணக்கில் அலைந்தார்.

பயிற்சிக்குப் பெரிய செலவில்லை. எங்கள் பிஜி (மேற்படிப்பு) டாக்டர் ஒருவர் அட்டைப்பெட்டியில் வெப்கேம் பொருத்தி, பழைய கருவிகளால் கொண்டைக்கடலையைக் கிண்ணம் விட்டுக் கிண்ணம் மாற்றுவார், திராட்சைத் தோலை உரிப்பார். எல்லாம் டியூட்டி முடிந்த நடுராத்திரியில். (உரித்த பழம் எங்களுக்குத்தான்.) அவர் கேமரா பிடித்தால் படம் ஆடாது. அந்த நேரத்தை டியூட்டிக்குள்ளேயே ஒதுக்கிக் கொடுத்தால் என்ன?

ஆனால் பெட்டி கையைத்தான் பழக்கும். பித்தப்பைக்குப் போவது இரண்டே குழாய்கள் என்று கண்ணுக்குத் தெளிவாகும்வரை எதையும் வெட்டாதே என்பது ஸ்ட்ராஸ்பர்க் என்ற சர்ஜன் 1995இல் வகுத்த முறை. "இன்னும் தெரியவில்லை, ஓப்பனாக மாற்று" என்று சொல்லப் பக்கத்தில் ஒரு சீனியர் வேண்டும்.

அடுத்து ரோபோ அறுவை பற்றி எழுதும்போது, இதுவரை எத்தனை செய்தீர்கள், முதல் சிலவற்றில் பக்கத்தில் நின்றது யார் என்று அந்த டாக்டர்களிடம் கேட்டுப் போடுங்கள்.

– ஓய்வுபெற்ற தியேட்டர் நர்ஸ், மதுரை